பழைய சைக்கிளும் இருவருக்கான கடலும்

திருமணமாகிப் பதினைந்து, இருபது ஆண்டுகளைக் கடந்த தம்பதியர் வெளியூர்ப் பயணம் ஒன்றைத் திட்டமிடும்போது, பெரும்பாலும் அது பிள்ளைகளுக்கான பயணமாகவே அமைந்துவிடுகிறது. இல்லையேல், கணவரின் அலுவலையோ ஆர்வத்தையோ ஒட்டி மனைவியும் உடன்செல்கின்ற பயணமாக அமைகிறது. இருவரும் ஒருமனமாய் விரும்பி, இருவருக்குமாகவே மேற்கொள்ளும் பயணம் அரிதாகத்தான் வாய்க்கிறது. இத்தாலி நாட்டில் நடைபெறும் பழங்கால சைக்கிள் விழா ஒன்றையும், அதனை அடுத்துள்ள கடற்கரையில் சில நாள் ஓய்வையும் இணைத்து மேற்கொள்ளும் பயணத்தைப் பற்றி இங்கே எழுத முற்படுவது இதனால்தான். ஐரோப்பாவில் வாழும் பிள்ளைகளைப் பார்க்கச் செல்லும் நம் பெற்றோருக்கும், அங்கேயே குடியேறிய நம் இளம் குடும்பங்களுக்கும் இது பயன்படலாம். செல்ல இயலாதோருக்கும் இதில் சிந்திக்க இடமுண்டு.

டஸ்கனி மாநிலத்தில், ஃபுளோரன்ஸ் நகருக்கும் சியென்னா நகருக்கும் இடைப்பட்ட கியாந்தி மலைப்பகுதியில் கயோலே என்றொரு சிற்றூர் உண்டு. திராட்சைத் தோட்டங்களும் ஒலிவ மரங்களும் சூழ்ந்த, ஆரவாரமற்ற ஊர். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் மாதத்து முதல் ஞாயிறன்று அவ்வூரின் தெருக்களில் நடக்க இடமிராது. ‘எரோய்கா’ என்னும் சைக்கிள் விழா அன்றுதான் நடைபெறுகிறது. வீரம் செறிந்தது என்று அச்சொல்லுக்குப் பொருள் கூறலாம். 1997ஆம் ஆண்டில் ஜியான்கார்லோ ப்ரோச்சி என்பவர் இதனைத் தொடங்கியபோது கலந்துகொண்டவர்கள் 92 பேர் மட்டுமே. இந்நாளில் உலகின் பல நாடுகளிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் வருகின்றனர். இது பந்தயம் அன்று. முதலில் வந்தவர் யார், கடைசியில் வந்தவர் யார் என்று எவரும் கணக்கு வைப்பதில்லை.

விழா தோன்றிய காரணம் சைக்கிளைவிடச் சாலையைப் பற்றியது. அப்பகுதியின் கிராமச் சாலைகள் பல இன்றும் தார் பூசப்படாதவை. சுண்ணாம்புக் கல்லை உடைத்துப் பரப்பிய வெண்ணிறச் சரளைப் பாதைகள் அவை. ‘ஸ்த்ராதே பியாங்கே’, அதாவது வெண்சாலைகள் என்றே அவற்றை அழைக்கின்றனர். ஒவ்வொன்றாகத் தாருக்கு அடியில் அவை மறைந்துவருவதைக் கண்டு, அவற்றைக் காக்க வேண்டுமானால் அவற்றின் மேல் மக்கள் அன்போடு பயணம் செய்ய வேண்டும் என்று கருதியவர்களின் முயற்சியே எரோய்கா. முயற்சி வீண்போகவில்லை. தொழில்முறை வீரர்கள் பங்குபெறும் ‘ஸ்த்ராதே பியாங்கே’ என்ற பெரும் பந்தயமே 2007இல் இவ்விழாவிலிருந்து பிறந்தது. இடர் தரும் பழைய சாலை என்று ஒதுக்கப்பட்டது, இன்று நாட்டின் பெருமையாகிவிட்டது.

எவ்வகைச் சைக்கிளையும் கொண்டுவந்துவிட முடியாது. 1987ஆம் ஆண்டிற்கு முன்னர் செய்யப்பட்ட, எஃகுக் குழாய்களாலான பந்தய சைக்கிளாக அது இருக்க வேண்டும் என்பது பொதுவிதி. கியர் மாற்றும் நெம்புகோல்கள் ஹேண்டில்பாரில் இருத்தலாகாது. பிரேமின் சாய்ந்த குழாயில் இருத்தல் வேண்டும். பிரேக் கம்பிகள் ஹேண்டில்பாரின் மேலே வளைந்து, கண்ணுக்குத் தெரியும்படி செல்ல வேண்டும். பெடலில் காலைப் பிணைக்கத் தோல்வாரும் உலோக வளையமும்தான். காலணியையே பெடலில் பூட்டும் புதிய முறை 1984ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் ‘லுக்’ நிறுவனத்தால் விற்பனைக்கு வந்தது. அடுத்த ஆண்டே பெர்னார் இனோ அவ்வகைப் பெடலுடன் பிரான்சு சுற்றுப் பந்தயத்தை வென்றார். சில ஆண்டுகளில் பிரேக்கும் கியரும் ஒரே பிடியில் இணைந்தன. ஆகவே, 1987 என்னும் எல்லை ஏதோ மனம்போன போக்கில் குறித்ததன்று; ஒரு கைவினைக் காலத்தின் மாலைப்பொழுதைச் சுட்டும் எல்லை அது.

இப்பழைய வண்டியில் மலையேறுவது எத்தகைய பாடு என்பதை ஓட்டியவரே அறிவர். முன்பக்கப் பல்சக்கரத்தில் சிறியதற்கே 42 பற்கள் இருக்கும். இன்றைய வண்டிகளில் உள்ளதுபோல் கால் நோகாமல் ஏறுவதற்கான கியர் அவற்றில் கிடையாது. கியரை மாற்ற வேண்டுமானால் ஒரு கையை எடுத்துக் கீழே குழாயைத் தொட வேண்டும். சரளையில் அப்படிக் கையை எடுப்பதற்கே தனித் துணிவு தேவை. செங்குத்தான ஏற்றங்களில், நரைத்த தலையும் கம்பளிச் சட்டையுமாக வரும் பெரியவர்கள் வெட்கமின்றி இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு நடப்பதை அங்கே காணலாம். மாற்று டயரை எட்டு வடிவில் முறுக்கித் தோள்களில் குறுக்காக அணிந்துகொள்வதும் பழைய வழக்கமே. லுச்சியானோ பெர்ரூத்தி என்ற முதியவர் 1907ஆம் ஆண்டைச் சேர்ந்த பெஜோ சைக்கிளில், முறுக்கிய மீசையுடன் ஆண்டுதோறும் வந்து, அவ்விழாவின் முகமாகவே விளங்கினார். 2017 ஆகஸ்டில் அவர் இறந்ததும் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்த வேளையில்தான்.

பாதைகள் பல அளவில் உண்டு. மிக நீண்டது 209 கிலோமீட்டர். அதனைத் தேர்ந்தவர்கள் இருள் விலகுமுன்பே, சைக்கிளில் விளக்கைக் கட்டிக்கொண்டு புறப்படுகின்றனர். சிறிது தொலைவு சென்றதும் ப்ரோலியோ கோட்டைக்கு ஏறும் வெண்சாலை வரும். இருமருங்கும் சைப்ரஸ் மரங்கள். அவற்றின் அடியில் வரிசையாக ஏற்றிவைத்த சிறு தீபங்கள். அவற்றின் ஒளியில், பேச்சின்றி, சரளை நெரியும் ஓசை மட்டும் கேட்க, நூற்றுக்கணக்கானோர் மேலேறுவர். ஈஸ்டர் திருவிழிப்பு இரவில் கையில் மெழுகுவர்த்தியோடு நிற்கும் நமக்கு அக்காட்சியின் அமைதி புதிதாகத் தோன்றாது.

வழியில் உணவு நிலையங்கள் உண்டு. உறையிட்ட சத்து மாவும் இனிப்புப் பொட்டலமும் அங்கே தேடினாலும் கிடையா. முன்னாள் மீந்த ரொட்டியையும் அவரையையும் கீரையையும் சேர்த்து மீண்டும் கொதிக்கவைக்கும் ‘ரிபொல்லீத்தா’ என்ற கூழ், ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி, உப்பில்லாத டஸ்கனி ரொட்டியின் மேல் திராட்சை இரசம் தெளித்துச் சர்க்கரை தூவிய துண்டுகள் ஆகியவையே அங்குள்ள விருந்து. ஏழைக் குடியானவர் வீட்டில் பிள்ளைகளுக்கு மாலையில் கொடுத்த பலகாரம் அது. பழைய சோற்றின் அருமை அறிந்த நம்மவருக்கு ரிபொல்லீத்தாவின் நியாயம் உடனே விளங்கும்.

இதுவரை கூறியதைப் படித்த இல்லத்தரசி ஒருவர், “இதெல்லாம் அவருக்குச் சரி, எனக்கென்ன இருக்கிறது?” என்று கேட்டால், அக்கேள்வியைப் புறந்தள்ளிவிட முடியாது. கணவர் 209 கிலோமீட்டர் பாதையைத் தேர்ந்துகொண்டு விடியற்காலையில் போய்விடுகிறார். மனைவி அந்நிய ஊரின் சதுக்கத்தில், மொழி புரியாக் கூட்டத்தின் நடுவே, இரவுவரை அவர் வரவைப் பார்த்திருக்க வேண்டும். திரும்பி வந்தவர் புழுதி படிந்த முகத்தோடு ஆனந்தக் கண்ணீர் வடிப்பார். அவ்வானந்தத்தில் அவருக்குப் பங்கில்லை. அதற்கு ஈடாகத்தான் அடுத்த மூன்று நாள் கடற்கரை என்றால், அதற்குப் பெயர் உல்லாசப் பயணம் அன்று, இழப்பீடு. பல குடும்பங்களில் விடுமுறை மனத்தாங்கலில் முடிவதற்குக் காரணம் பணமோ வானிலையோ அன்று. ஒருவரின் மகிழ்ச்சிக்கு மற்றவர் காவலிருந்ததே காரணம்.

இவ்விழா நினைவுகூரும் அந்தப் பழைய வீரர் காலத்தின் வரலாறே இவ்வகையில் நமக்குப் பாடம் வைத்திருக்கிறது. அக்காலத்து இத்தாலியில் இரு பெயர்கள் வீட்டுக்கு வீடு ஒலித்தன: ஜினோ பார்த்தாலி, ஃபாவுஸ்தோ கோப்பி. எரோய்காவில் இன்றும் ‘லென்யானோ’ நிறுவனத்தின் பச்சைச் சட்டையைப் பார்த்தாலியின் நினைவாகவும், ‘பியாங்கி’ நிறுவனத்தின் இளநீலச் சட்டையைக் கோப்பியின் நினைவாகவும் பலர் அணிந்து வருகின்றனர். 1952ஆம் ஆண்டு பிரான்சு சுற்றுப் பந்தயத்தில் இருவரும் ஓடிக்கொண்டே ஒரு தண்ணீர்க் குப்பியைக் கைமாற்றிய படம் ஒன்று உண்டு. கொடுத்தவர் யார், வாங்கியவர் யார் என்று இன்றளவும் வழக்காடுகின்றனர்.

இருவரும் சைக்கிளினால் புகழ் பெற்றனர். இருவரும் சைக்கிளினால் உடன்பிறந்தாரை இழந்தனர். பார்த்தாலியின் தம்பி ஜூலியோ 1936இலும், கோப்பியின் தம்பி செர்சே 1951இலும் பந்தய விபத்தில் மாண்டனர். அவ்வீடுகளில் ஒவ்வொரு பந்தயத்தின்போதும் பெண்கள் எத்தகைய அச்சத்தோடு காத்திருந்திருப்பார்கள் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

பார்த்தாலி கார்மேல் மூன்றாம் சபையைச் சேர்ந்த, பக்தி மிகுந்த பொதுநிலையினர். 1938இலும், பத்தாண்டு கழித்து 1948இலும் பிரான்சு சுற்றுப் பந்தயத்தை வென்றவர். 1940 நவம்பரில் அத்ரியானா என்ற பெண்ணை மணந்தார். அத்திருமணத்தை ஆசீர்வதித்தவர் ஃபுளோரன்ஸ் பேராயர் கர்தினால் எலியா தல்லா கோஸ்தா. போரின் கொடுமை உச்சமடைந்த 1943, 1944ஆம் ஆண்டுகளில், அதே கர்தினாலின் வேண்டுகோளை ஏற்று, யூத மக்களைக் காக்கும் மறைவான பணியில் பார்த்தாலி ஈடுபட்டார். பயிற்சி செய்பவர்போல் ஃபுளோரன்சிலிருந்து அசிசி வரை சைக்கிளில் சென்று, பொய்ப் பெயரிட்ட அடையாளச் சீட்டுகளைச் சைக்கிளின் குழாய்க்குள் மறைத்துக் கொண்டுசென்றார் என்று அறிகிறோம். அசிசியில் ஆயர் நிக்கொலீனியும் துறவியரும் கன்னியர் மடங்களும் பலருக்கு அடைக்கலம் தந்திருந்தனர். இப்பணிக்காக இஸ்ரயேல் நாட்டின் யாத் வாஷெம் நிறுவனம் 2013ஆம் ஆண்டில் அவரை ‘உலக மக்களுள் நேர்மையாளர்’ என அறிவித்தது. கர்தினாலுக்கு அச்சிறப்பு அதற்கு முந்தைய ஆண்டிலேயே கிடைத்திருந்தது.

தாம் எங்குச் செல்கிறார், எதற்குச் செல்கிறார் என்பதைப் பார்த்தாலி தம் மனைவியிடம் சொல்லவில்லை. அறியாதிருந்தால் அவளுக்கு ஆபத்தில்லை என்பது அவர் கருத்து. அது அன்பினால் காத்த மௌனம். அதை நாம் போற்றலாம். ஆயினும், அத்தகைய மௌனம் போர்க்காலத்தில் மட்டுமே நியாயம் பெறும் என்று சேர்த்துச் சொல்வதும் நம் கடமை. நம் வீடுகளில் “எங்கே போகிறீர்கள்?” என்ற கேள்விக்கு விடை மறுக்கும் கணவர்கள் எவரும் யாரையும் காக்கப் போகிறவர்கள் அல்லர்.

கோப்பியின் கதை வேறு. 1945இல் ப்ரூனா என்ற பெண்ணை மணந்து, ஒரு மகளுக்கும் தந்தையானவர் அவர். தம்மீது பெருமதிப்பு வைத்திருந்த மருத்துவர் ஒருவரின் மனைவியோடு அவருக்கு ஏற்பட்ட உறவு 1954இல் வெளிவந்து, இத்தாலி முழுவதையும் உலுக்கிற்று. மண உறவுக்குப் பிறழ்வது அந்நாட்டுச் சட்டப்படி அப்போது தண்டனைக்குரிய குற்றம். அப்பெண்மணி சிறையும் சென்றார், வழக்கு நடந்தது, செய்தித்தாள்கள் அவருக்கு ‘வெள்ளையாடைப் பெண்மணி’ எனப் பெயர் சூட்டி நாளும் பொழுதும் எழுதிக் குவித்தன. இரு குடும்பங்கள் உடைந்தன. இருபுறத்துப் பிள்ளைகளும் ஊர்வாயில் வளர்ந்தனர். மலேரியா கண்டு, 1960 ஜனவரி 2ஆம் நாள் கோப்பி இறந்தபோது வயது 40. இறந்தவர்மேல் கல்லெறிவது நம் வேலையன்று. ஆண்டின் பெரும்பகுதியைச் சாலையில் கழித்த மனிதருக்கு வீடு எப்போது அந்நியமாயிற்று என்ற வினா மட்டும் எழாமல் இராது.

வடக்கே கோமோ ஏரிக்கு அருகில் கிசல்லோ குன்றின்மேல் அன்னை மரியாளுக்கு ஒரு சிற்றாலயம் உண்டு. 1949 அக்டோபர் 13ஆம் நாள் திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் கிசல்லோ அன்னையைச் சைக்கிள் ஓட்டுவோரின் பாதுகாவலியாக அறிவித்தார். அவ்வாலயத்தின் சுவர்களில் பார்த்தாலி, கோப்பி இருவரின் சைக்கிள்களும் மாட்டப்பட்டுள்ளன. அன்னை இருவரையும் ஒருங்கே வைத்திருக்கிறாள்.

சரி, பயணத்தை எவ்வாறு அமைப்பது? எம் கருத்து இதுதான்: 209 கிலோமீட்டரை மறந்துவிடுங்கள். 46 கிலோமீட்டர் கொண்ட சிறு பாதை ஒன்றும் உண்டு. வெண்சாலையும் திராட்சைத் தோட்டமும் உணவு நிலையமும் அதிலும் இருக்கின்றன. புழுதியும் குறைவின்றிக் கிடைக்கும். சிறிது பயிற்சி இருந்தால் ஐம்பது வயதுத் தம்பதியரும் அதை முடிக்கலாம். இருவரும் ஓட்டுவதுதான் முக்கியம். ஏற்றத்தில் ஒருவர் இறங்கித் தள்ளினால் மற்றவரும் இறங்கித் தள்ள வேண்டும். மேலே போய் நின்றுகொண்டு, “இன்னும் வரவில்லையா?” என்று கூப்பிடுவது பந்தயக்காரனின் பண்பு.

பெயர்ப் பதிவை மாதக்கணக்கில் முன்னதாகச் செய்ய வேண்டும். உடல்நலம் பற்றிய மருத்துவச் சான்றும் கேட்பர். தகுந்த சைக்கிள் இல்லாதோர் வாடகைக்குப் பெற வழியுண்டு. அதற்கும் முன்கூட்டியே எழுதிவிடுவது நல்லது. வண்டி கையில் கிடைத்ததும் முதல் நாளே ஒரு மணி நேரமாவது ஓட்டிப் பழகவும். பழைய பிரேக்குகள் பிடிப்பதற்கு நேரமெடுக்கும். தோல்வாரிலிருந்து காலை விடுவிக்கும் பழக்கமில்லாதவர்கள் நின்ற இடத்திலேயே சாய்வது உறுதி. வாரைத் தளர்த்தியே வைத்திருப்பதில் இழுக்கொன்றும் இல்லை. பெண்களுக்கு ஏற்ற உயரத்தில் பழைய பந்தய சைக்கிள் கிடைப்பது கடினம் என்பதையும் நினைவில் வைத்து, மனைவியின் வண்டியை முதலில் உறுதிசெய்த பின்னரே கணவர் தமக்குத் தேட வேண்டும்.

விழா ஞாயிறன்று காலையிலேயே தொடங்கிவிடுவதால் திருப்பலி தவறிவிடுமோ என்ற கவலை வேண்டாம். முந்தைய நாள் மாலைத் திருப்பலியில் பங்குபெறுவதாலும் ஞாயிறு கடன் நிறைவேறுகிறது. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு 1248ஆம் சட்டத்தில் இதனைத் தெளிவாகக் கூறுகிறது. சனிக்கிழமை பகலில் கயோலேயில் பழைய உதிரிப் பாகங்களின் சந்தை கூடும். காம்பாஞோலோ நிறுவனத்தின் பழைய கியர்ப் பொறிகளையும், தேய்ந்த தோல் இருக்கைகளையும் மேசைமேல் பரப்பி விற்பார்கள். கணவர்மார் அங்கே நுழைந்தால் பொழுது போவதே தெரியாது. மாலைத் திருப்பலிக்கு நேரமாயிற்று என்று நினைவூட்டும் பொறுப்பு, எந்த நாடாயினும், மனைவியருக்கே விழுகிறது போலும்!

கடற்கரை ஓய்வை விழாவுக்கு முன் வைக்கலாமா, பின் வைக்கலாமா என்று சிலர் கேட்கக்கூடும். பின்னரே வைக்க வேண்டும். முன் வைத்தால் கணவரின் உடல் மணலில் இருக்கும். மனம் டயரிலும் செயினிலும் இருக்கும். விழா முடிந்தபின் சைக்கிளைப் பற்றிய கவலை தீர்ந்துவிடும். பேச்சுக்கு இருவரிடமும் ஒரே பொருள் இருக்கும். விழாவுக்கு இரண்டு நாள் என்றால் கடலுக்கு நான்கு நாளாவது ஒதுக்குக.

திங்களன்று கயோலேயிலிருந்து புறப்பட்டால் சியென்னா நகரம் முப்பது கிலோமீட்டருக்குள். அங்கே அரைநாள் தங்காமல் கடப்பது நமக்குத் தகாது. புனித பிரான்சிஸ் பேராலயத்தில், 1730 ஆகஸ்ட் 14ஆம் நாள் திருடப்பட்டு மூன்று நாளில் மீட்கப்பட்ட நற்கருணை அப்பங்கள் கெடாமல் பேணப்பட்டு வருகின்றன. மீட்டபோது 351 இருந்தவற்றில் இப்போது இருப்பவை 223. நகரின் மற்றொரு பகுதியில் புனித கத்தரீன் பிறந்த வீடும், அவருடைய தலை பேணப்படும் புனித தோமினிக் பேராலயமும் உள்ளன. சாயத் தொழிலாளியின் மகளாய்ப் பிறந்து, 33 வயதில் மறைந்த அவரை 1970 அக்டோபர் 4ஆம் நாள் திருத்தந்தை 6ஆம் சின்னப்பர் மறைவல்லுநராக உயர்த்தினார்.

சியென்னாவிலிருந்து தென்மேற்கே குரோசெத்தோ வழியாகச் சென்றால், மரேம்மா என்னும் தாழ்நிலப் பகுதி விரியும். ஒரு காலத்தில் சதுப்பும் மலேரியாவும் மலிந்து, மக்கள் அஞ்சி ஒதுங்கிய நிலம் அது. வடிகால் வெட்டிப் பயிர்நிலமாக்கியுள்ளனர். அதன் தென்கோடியில் கடலுக்குள் ஒரு மலை நிற்கிறது. மோன்தே அர்ஜெந்தாரியோ என்பது அதன் பெயர். முன்னொரு காலத்தில் தீவாக இருந்த அம்மலையை இரண்டு மணல் திட்டுகள் கரையோடு பிணைத்துவிட்டன. இரண்டுக்கும் நடுவே உப்பங்கழி. அக்கழியின் நடுவே நீட்டிய விரல்போன்ற நிலத்தில் ஒர்பெத்தெல்லோ என்ற பழைய ஊர். ரயிலில் வருவோருக்கும் அங்கே நிலையம் உண்டு.

தெற்கே உள்ள மணல் திட்டின் பெயர் ஃபெனிலியா. ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர் நீளம். மணல் பறந்து கழியைத் தூர்த்துவிடாதிருக்க இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே பைன் மரங்களை நட்டனர். இன்று அது ஒரு முழுக் காடு. மோட்டார் வாகனங்களுக்கு அங்கே அனுமதியில்லை. காட்டின் நடுவே நேராகச் செல்லும் மண்பாதையில் நடக்கலாம், அல்லது சைக்கிளில் செல்லலாம். ஒருபுறம் மரங்களினூடே கழிநீர் மின்னும்; நாரைபோல் நெடுங்காலுடைய பூநாரைகள் கூட்டமாய் நிற்கும். மறுபுறம் சில அடிகள் நடந்தால் திறந்த கடல். மான்கள் பாதையைக் கடந்து போகும். ஏற்றமில்லை, இறக்கமில்லை, கியர் தேவையில்லை. கயோலேயின் மேடுபள்ளங்களில் மூச்சுமுட்டிப் பேசாமல் ஓட்டிய இருவரும் இங்கே அருகருகே பேசிக்கொண்டு ஓட்டலாம்.

அம்மலைக்கு நம் திருச்சபையின் வரலாற்றிலும் இடமுண்டு. 1721இல் கப்பலில் ரோமுக்குச் சென்றுகொண்டிருந்த இளந்துறவி ஒருவரின் கண்ணில் இம்மலை பட்டது. தனிமையில் செபிக்க ஏற்ற இடமென அவர் உள்ளம் அதை நாடிற்று. அவரே சிலுவையின் புனித சின்னப்பர். இயேசுவின் திருப்பாடுகளைத் தியானிக்கவும் போதிக்கவும் அவர் நிறுவிய பேஷனிஸ்ட் துறவற சபையின் முதல் மடம் 1737இல் இம்மலைச் சரிவில் திறக்கப்பட்டது. மடம் இன்றும் நிற்கிறது. அங்கிருந்து கீழே நோக்கினால் கழியும், ஊரும், இருபுறத்து மணல் திட்டுகளும் வரைபடம்போல் தெரியும். தேனிலவுக்கு வந்த இடத்தில் துறவியர் மடமா என்று இளையவர்கள் நகைக்கலாம். மாலை வேளையில் அம்மலைமேல் இருவராய் அமர்ந்து செபமாலை சொன்னவர்கள் நகைக்கமாட்டார்கள். அக்டோபர் செபமாலை மாதமும் அன்றோ!

மலையின் கிழக்கே உள்ள போர்த்தோ எர்கோலே துறைமுக ஊரில்தான் ஓவியர் கராவாஜோ 1610ஆம் ஆண்டு கோடையில், 38 வயதில், நோயுற்று இறந்தார். கொலைக்குற்றம் சுமந்து ஊர் ஊராய் ஓடிய அவர், மன்னிப்பைப் பெறுவதற்காக ரோமை நோக்கித் திரும்பிக்கொண்டிருந்த வேளை அது.

உணவைப் பொறுத்தவரை நம் கடற்கரை மக்களுக்கு ஒர்பெத்தெல்லோவில் அந்நியம் தோன்றாது. கழியில் பிடிக்கும் மடவை மீனின் சினையை முழுதாக எடுத்து, உப்பிட்டு, அழுத்தி உலர்த்தி ‘பொத்தார்கா’ என்று விற்கின்றனர். மெல்லிய துண்டுகளாகச் சீவி ரொட்டியின் மேலோ, கொதித்த மாவுணவின் மேலோ தூவி உண்பர். கருவாட்டின் மணம் பழகியவர்கள் இரண்டாம் முறையும் கேட்டு வாங்குவார்கள் என்பது திண்ணம்.

அக்டோபர் மாதத்தில் கோடைக்கூட்டம் கலைந்திருக்கும். விடுதிக் கட்டணமும் இறங்கியிருக்கும். கடல்நீர் கோடையின் வெப்பத்தை இன்னும் முழுதும் இழந்திராது. ஆயினும் ஒரு நாளேனும் மழை பெய்யக்கூடும். பருவம் முடிந்ததென்று சில விடுதிகளும் கடைகளும் மூடியிருக்கும். கம்பளிச் சட்டையும் குடையும் அவசியம். மழை நாளில் என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: பிள்ளைகளின் படிப்பு, கடன், மாமியார், நாத்தனார் என்று வீட்டில் பேச நேரமில்லாமல் ஒத்திப்போட்ட பேச்சுகள் இல்லாத தம்பதியர் உண்டோ? கடலைப் பார்த்த சாளரத்தின் அருகே, அழைப்பு மணி எதுவும் ஒலிக்காத ஒரு மழைப்பகல் அதற்கு வாய்ப்பது எளிதன்று. கைபேசியை மட்டும் அன்றைக்குப் பெட்டியில் வைத்துவிடுக.

அர்ஜெந்தாரியோ மலையைச் சுற்றி வளைந்து வளைந்து செல்லும் கடலோரச் சாலை ஒன்றும் உண்டு. காட்சி அழகுதான், ஆனால் கடுமையான ஏற்றம். கயோலேயில் விட்ட வீரத்தை இங்கே காட்டலாமே என்று கணவரின் மனம் துடிக்கும். வேண்டாம். எஃகு சைக்கிளை விடுதியின் கீழறையில் பூட்டி வைத்துவிட்டு, முன்பக்கம் கூடை வைத்த சாதாரண வாடகை வண்டிகள் இரண்டை எடுத்துக்கொள்க. கூடையில் ரொட்டியும் பழமும் ஒரு துண்டும் போதும். ஃபெனிலியாவின் மறுமுனைக்கு நிதானமாகச் சென்றாலும் அரைமணி நேரம்தான். அங்கே வண்டிகளை ஒரு பைன் மரத்தில் சாய்த்துவிட்டுக் கடலுக்குள் இறங்கலாம்.